சிறுவாட்டுக் கோழி

நெஞ்சுக்கறியும் இறக்கையும் தின்பதற்காக ஒரு முழுக்கோழியை வளர்ப்பது அபத்தம், அந்தத் துண்டுகளை மட்டும் தனியாக வளர்த்துக்கொள்ளும் காலம் வரும் என்று 1931இல் வின்ஸ்டன் சர்ச்சில் எழுதினார். ஐம்பது ஆண்டில் நடக்கும் என்றார். சற்றுத் தாமதமாக நடந்திருக்கிறது. ஆய்வகக் கறியைப் பற்றிப் பேசுகிறவர்கள் இதைத் தீர்க்கதரிசனமாக எடுத்துக்காட்டுகிறார்கள். எனக்கு ஒரு கேள்விதான் வருகிறது: மீதிக் கோழியை அதுவரை யார் தின்றுகொண்டிருந்தார்கள்?

நம் வீடுகளில் இதற்கு விடை தெரியாதவர் இல்லை. காலும் நெஞ்சும் ஆண்களின் தட்டுக்குப் போனபின் கழுத்தும், முதுகெலும்பும், சட்டியில் ஒட்டிய குழம்பும் சமைத்தவளுக்கு. நல்ல கறி வாங்க வழியில்லாத வீடுகளில் குடலும் ரத்தமும் தலைக்கறியும்தான் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் கிடைக்கும் இரும்புச்சத்து. சர்ச்சில் வீண் என்று ஒதுக்கிய பகுதியில்தான் நம் பங்கு இருந்தது.

ஆய்வகக் கறி என்பது என்ன? விலங்கின் தசையிலிருந்தோ முட்டையிலிருந்தோ கொஞ்சம் செல்களை எடுத்து, உடல்சூட்டில் வைத்த எஃகுத் தொட்டியில், சர்க்கரையும் அமினோ அமிலங்களும் உப்பும் வளர்ச்சிக் காரணிகளும் கலந்த திரவத்தில் பெருக்குகிறார்கள். சில வாரங்களில் கறியாக அறுவடை செய்கிறார்கள். 2013 ஆகஸ்டில் மாஸ்ட்ரிக்ட் பல்கலைக்கழகத்தின் மார்க் போஸ்ட் இப்படி வளர்த்த மாட்டுக்கறி பர்கரை லண்டனில் சமைக்கவைத்துக் காட்டினார். அந்த ஒன்றுக்கு ஆன செலவு சுமார் இரண்டரை லட்சம் யூரோ. 2020 டிசம்பரில் சிங்கப்பூர் இத்தகைய கோழிக்கறியை விற்க அனுமதித்தது. 2023 ஜூனில் அமெரிக்கா இரண்டு நிறுவனங்களை அனுமதித்தது.

மிருகவதை ஒரு பொருட்டல்ல என்று நான் சொல்லவரவில்லை. இறைச்சித் தொழில் பெண் உடலின் மீது நிற்கும் தொழில். இடைவிடாமல் சினையாக்கப்படும் மாடு, கூண்டுக்குள் சிறகு விரிக்க இடமில்லாமல் முட்டையிடும் கோழி, முட்டையிடாது என்பதற்காகப் பொரித்த அன்றே கொல்லப்படும் சேவல் குஞ்சு. பெண்ணும் விலங்கும் ஒரே பார்வையால் துண்டுகளாக்கப்படுவதை கரோல் ஆடம்ஸ் 1990லேயே விரிவாக எழுதிவிட்டார். இந்த வதையை ஒரு தொழில்நுட்பம் குறைக்குமென்றால் நான் வரவேற்கிறேன். ஆனால் 'கொலையில்லாக் கறி' என்று கொண்டாடப்பட்ட அந்த முதல் பர்கர், கன்றுக்கரு சீரத்தில் வளர்ந்தது. சினைமாட்டை அறுக்கும்போது வயிற்றிலிருக்கும் கருவின் ரத்தத்திலிருந்து எடுப்பது அது. பிறகு பல நிறுவனங்கள் அதைக் கைவிட்டன, நல்லது. ஆனாலும், விளம்பரம் எதை மறைக்கிறது என்று கேட்கும் பழக்கத்தை நாம் கைவிட முடியாது.

அந்தப் பழக்கத்தோடு கோழியின் கதையைத் திரும்பிப் பார்ப்போம். நிலமும் மாடும் ஆண் பெயரில் இருந்த வீட்டில் கோழி பெண்ணுடையது. அடைவைத்து, குஞ்சு பொரித்து, பருந்துக்கும் பூனைக்கும் தப்ப வைத்து, பஞ்சாரத்தில் கவிழ்த்து வளர்ப்பவள் அவள். ஒரு பெட்டையைப் பக்கத்து வீட்டுக்காரியிடம் வாரத்துக்கு விட்டால் குஞ்சுகளில் பாதி இவளுக்கு. முட்டை விற்ற காசு அரிசிப் பானைக்குள் சிறுவாடாகச் சேரும். பிள்ளைக்கு நோட்டு வாங்கவும், மகளின் பிரசவத்துக்கும், சில சமயம் அடி தாங்காமல் தாய்வீட்டுக்குப் பஸ் ஏறவும் அந்தக் காசுதான். கணக்குக் கேட்க யாருக்கும் உரிமையில்லாத ஒரே வருமானம்.

பிறகு கறிக்கோழி ஒப்பந்தம் வந்தது. குஞ்சும் தீவனமும் மருந்தும் கம்பெனியுடையவை. கொட்டகையும் தண்ணீரும் மின்சாரமும் உழைப்பும் விவசாயியுடையவை. நாற்பது நாளில் இரண்டு கிலோ தேறிய கோழியைக் கம்பெனி லாரி ஏற்றிப் போகும். கிலோவுக்குச் சில ரூபாய் வளர்ப்புக் கூலி வரும். நிலமும் கடனும் யார் பெயரிலோ ஒப்பந்தமும் அவர் பெயரில், அதாவது பெரும்பாலும் ஆணின் பெயரில். தண்ணீர்க் கிண்ணம் கழுவுவதும், செத்த குஞ்சைப் பொறுக்குவதும், நார்க்கழிவைக் கிளறிவிடுவதும் அவள் வேலையாகவே தொடர்ந்தன, கூலியில்லாமல். அடைகாக்கும் வயதுவரை அந்தக் கோழியை உயிரோடு விடுவதே இல்லை. அதன் மூல இனங்களில் பெரும்பகுதி உலக அளவில் இரண்டு பெரும் நிறுவனங்களின் பிடியில் இருக்கிறது. கோழி மலிவானது, கறி பெருகியது, சிறுவாடு போனது.

இப்போது கோழியே தேவையில்லை என்கிறார்கள். இந்த முறை கைமாறுவது செல். எந்தச் செல் வரிசை சாகாமல் பெருகும், எந்தத் திரவத்தில் மலிவாகப் பெருகும் என்பதே தொழிலின் ரகசியம். அதைக் காப்புரிமையும் முதலீட்டாளர் பணமும் காவல் காக்கின்றன. நாளை நம் ஊர்ச் சிறுவிடைக் கோழியின் ஒரு துளித் தசை போதும். தலைமுறை தலைமுறையாக அந்த இனத்தைக் காப்பாற்றிக் கொடுத்தவளுக்கு என்ன பங்கு?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்தத் தொழில் சில ஆண்டுகள் தன் சரக்கைச் 'சுத்தமான இறைச்சி' என்று அழைத்து விற்கப் பார்த்தது. மேற்கில் அது வெறும் விளம்பரச் சொல்லாக இருக்கலாம். இங்கே சுத்தம் சாதியின் சொல். அது சுத்தமென்றால், அறுப்பவரும் தோலுரிப்பவரும் சந்தையில் குடல் கழுவி விற்கும் பெண்ணும் யார்? மாட்டுக்கறிக்காக மனிதர்களை அடித்துக் கொல்லும் நாட்டில் அந்தச் சொல்லை ஒருபோதும் அனுமதிக்கக் கூடாது.

இதற்காகத் தடை கேட்பவர்களோடு நான் நிற்கப்போவதில்லை. இத்தாலி 2023இல் தடைச்சட்டம் கொண்டுவந்தது. அமெரிக்காவின் புளோரிடா 2024இல் தடைசெய்தது. மரபைக் காக்கிறோம் என்கிறார்கள். மரபு என்ற சொல்லைக் கேட்டாலே, அதில் என் வேலை என்ன, என் கூலி என்ன என்று நான் கேட்பேன். அவர்கள் காப்பது பெரும் பண்ணையாரின் சந்தையைத்தான்.

'உலகத்துக்கே புரதம் கிடைக்கும்' என்று மறுதரப்பு வாக்களிக்கிறது. தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றின்படி, 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் இந்தியாவில் 57 விழுக்காட்டினருக்கும் தமிழ்நாட்டில் 53 விழுக்காட்டினருக்கும் ரத்தசோகை. எப்போதாவதேனும் அசைவம் சாப்பிடும் ஆண்கள் சுமார் 83 விழுக்காடு, பெண்கள் 71. கோழிக்கறி முன்னெப்போதையும்விட அதிகமாக விளையும் காலத்தின் கணக்கு இது. தட்டில் எது யாருக்கு என்று முடிவெடுப்பது தொட்டியல்ல, வீடு. வெறும் நெஞ்சுக்கறியாகவே விளையும் கறி, கழுத்தும் ஈரலும் இல்லாத கறி, அந்த வீட்டுக்குள் வந்தால் அவளுக்கு மிஞ்சுவது என்ன?

இந்தியாவில் இது இன்னும் கடைக்கு வரவில்லை. ஆனால் ஆய்வு நடக்கிறது, நம் வரிப்பணத்திலும் நடக்கிறது. 2019இல் ஹைதராபாத்தின் செல், மூலக்கூறு உயிரியல் மையத்துக்கு மத்திய அரசு இதற்காக நிதி ஒதுக்கியது. 2024இல் கொச்சியின் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனம் ஒரு தனியார் நிறுவனத்தோடு சேர்ந்து மீன் செல்களை வளர்க்க இறங்கியது. விதிகள் எழுதப்படும் நேரத்தில் பேசாவிட்டால் பிறகு புலம்பத்தான் முடியும்.

நான் கேட்பவை இவை. பொதுப்பணத்தில் உருவாகும் செல் வரிசையும் வளர்ப்புத் திரவத்தின் செய்முறையும் பொதுச்சொத்தாக இருக்கட்டும். மகளிர் குழுவும் கூட்டுறவுச் சங்கமும் எடுத்து நடத்த முடியட்டும். நெதர்லாந்தில் பால்பண்ணையிலேயே தொட்டி வைத்துக் கறி வளர்க்கும் முயற்சி நடக்கும்போது இங்கே ஏன் முடியாது? நாட்டுக்கோழியின் செல்லை எடுத்தால், 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டம் சொல்லும் ஆதாயப் பங்கு, இனத்தை வளர்த்த பெண்களின் பெயரில், அவர்கள் கணக்கில் சேரட்டும். கொட்டகை மூடப்படும் நாளில் இழப்பீட்டுப் பட்டியலில் ஒப்பந்தத்தில் பெயரில்லாத அவளும் இருக்கட்டும்.

மாணவத் தோழிகளுக்கு ஒரு வேண்டுகோள். உயிர்த்தொழில்நுட்பம் படிக்கிறவர்கள் உங்களில் நிறையப் பேர். அந்தத் தொட்டியின் அருகில் நாளை நிற்கப்போவதும் நீங்கள்தான். செல் எப்படிப் பெருகுகிறது என்று கற்றுக்கொள்ளும்போதே, அது யார் பெயரில் பெருகுகிறது என்றும் கேளுங்கள்.