பெயின்ட் இருக்கட்டும், முதலில் கூரையைப் பாருங்கள்

ஒரு கம்பை எடுத்து உங்கள் தொகுப்பு வீட்டின் கூரையை உள்ளிருந்து தட்டிப் பாருங்கள். கெட்டியான சத்தம் வந்தால் அந்த இடம் தேறியது. காலிப் பானையைத் தட்டுவது போல் கேட்டால், பூச்சு கம்பியை விட்டுக் கழன்றுவிட்டது. அதற்குக் கீழே பிள்ளைகளைப் படுக்க வைக்காதீர்கள்.

இந்திரா வீட்டு வசதித் திட்டம் 1985இல் தொடங்கியபோது பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மீட்கப்பட்ட கொத்தடிமைகள் ஆகியோருக்கானதாகவே இருந்தது. 1993-94இல்தான் பிறருக்கும் விரிந்தது. அந்தக் காலத்து வீடுகள்தான் இன்று நம் காலனிகளில் கம்பி தெரிய நிற்கின்றன. "சும்மா கிடைச்ச வீடு, வச்சுப் பொழைக்கத் தெரியல" என்று ஊருக்குள் ஒரு பேச்சு உண்டு. கலவையில் எவ்வளவு சிமென்ட் போட்டார்கள் என்று குடியேறியவரிடம் யாரும் கேட்கவில்லை. மழைத் தண்ணீர் தேங்குகிற பள்ளத்தில் மனை கொடுத்ததும் அவரைக் கேட்டு அல்ல.

சரி, கையில் இருபதாயிரம் ரூபாய் இருக்கிறது. சீட்டு எடுத்த பணமாகவோ, மகளிர் குழுக் கடனாகவோ இருக்கலாம். எதை முதலில் செய்வது?

பெரும்பாலும் முதலில் செய்வது பெயின்ட். குறை சொல்ல மாட்டேன். கூடப் படிக்கிறவர்களை வீட்டுக்கு அழைக்கக் கூச்சப்பட்ட பிள்ளைகளுக்கு அந்த நிறம் எவ்வளவு பெரிது என்று தெரியும். அடுத்தது, விழுந்த இடத்தில் உள்ளே சிமென்ட் அப்புவது. இது வீண் செலவு. தண்ணீர் மேலிருந்து இறங்குகிறது. நனைந்த கம்பி துருப்பிடிக்கிறது, துரு ஏற ஏறக் கம்பி பருத்துக் கான்கிரீட்டைப் பிளக்கிறது. மேலே அடைக்காமல் கீழே அப்பினால், அடுத்த ஐப்பசிக்கு அதுவும் கையோடு வரும்.

ஆகவே மாடிக்கு ஏறுங்கள். தண்ணீர் வெளியேறும் துவாரத்தில் இருக்கிற குப்பையை எடுங்கள். இதற்குக் காசே வேண்டாம். கைப்பிடிச் சுவர் வெடிப்பில் முளைத்த அரசங்கன்றை வேரோடு எடுக்க வேண்டும், மேலாக ஒடித்துவிட்டால் போதாது. பிறகு தளத்து வெடிப்புகளை அடைத்து, தண்ணீர் தேங்காமல் வாட்டம் கொடுத்துப் பூச வேண்டும். பணத்தில் பெரும்பகுதி இங்கேதான் போக வேண்டும். சித்திரை, வைகாசி வெயிலில் செய்தால் தளம் நன்றாகக் காய்ந்திருக்கும். அதன் பிறகே உள்ளே: தளர்ந்த பூச்சைத் தட்டி எடுத்து, துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, மறுபடி பூசுவது. ஓதமேறிய சுவரில் ஓடும் பழைய ஒயரிங்கை இதற்காகக் காத்திருக்க வைக்காதீர்கள். சுவரைத் தொட்டால் சுரீர் என்றால் அன்றைக்கே எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. கூரையே தொய்ந்திருந்தாலோ, கம்பி பாதியாக இளைத்திருந்தாலோ அந்த வீட்டில் ஒரு ரூபாய்கூடப் போடாதீர்கள். அது பழுதுபார்க்கிற வீடு அல்ல, இடித்துக் கட்ட வேண்டிய வீடு. அதற்கான பணம் கூலிக்காரக் குடும்பத்தின் சீட்டுப் பணத்திலிருந்து வரக் கூடாது, அரசிடமிருந்து வர வேண்டும். கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் புது வீட்டுக்கு 3.5 லட்சம் ரூபாய் அறிவித்திருக்கிறார்கள். அரசு கட்டிய பழைய ஊரக வீடுகளைப் பழுதுபார்க்கத் தனித் திட்டமும் 2024இல் வந்தது. பட்டியலில் நம் தெரு இருக்கிறதா என்று போய்க் கேட்டவர்கள் எத்தனை பேர்?

மாணவத் தோழர்களுக்கு இங்கே வேலை இருக்கிறது. விடுமுறையில் ஊருக்குப் போகும்போது ஒரு நோட்டும் கம்பும் போதும். வீடு வீடாகத் தட்டிப் பாருங்கள். கட்டிய ஆண்டு, கம்பி தெரிகிற இடம், ஒழுகுகிற அறை, எல்லாவற்றையும் படத்தோடு எழுதுங்கள். பழுது பார்க்கலாம், இடிக்க வேண்டும் என்று இரண்டு பட்டியல் போடுங்கள். மே 1 கிராம சபையில் அதை மனுவாகக் கொடுத்து, தீர்மானப் புத்தகத்தில் ஏற்றும் வரை எழுந்திருக்காதீர்கள். மழைக்கு முன்னால் அதிகாரியை வரவழைக்க அப்போதுதான் அவகாசம் இருக்கும்.