முன்வாசலுக்குப் பூட்டு, கொல்லைக்கதவு திறப்பு

சர்வர்ல இருக்கற ஃபைலை நம்ம மெஷின்லேர்ந்தே திறந்து, திருத்தி, அங்கேயே சேவ் பண்ண வெப்டாவ்னு ஒண்ணு இருக்கு. 1999-ல ஆர்எஃப்சி 2518-ஆ வந்தது. 2007-ல ஆர்எஃப்சி 4918-ஆ திருத்தி எழுதினாங்க. அப்பாச்சில மாட்_டாவ் அந்த வேலையைப் பண்ணுது. இதுல என் கட்சி ஒண்ணே ஒண்ணுதான்: லாக் ஒழுங்கா வேலை செய்யலேன்னா, நாலு பேர் எழுதற இடத்துல வெப்டாவே வேண்டாம்.

ஏன் இவ்ளோ பிடிவாதம்னு கேப்பீங்க. நாலு பேர் சேர்ந்து ஒரு ஆண்டு மலர் போடறீங்கன்னு வைங்க. பத்து மணிக்கு நீங்க ஃபைலைத் திறக்கறீங்க. பத்தே காலுக்கு நண்பரும் அதையே திறக்கறார். அவர் பத்தரைக்கு சேவ் பண்றார், நீங்க பதினொண்ணுக்கு. அவர் எழுதினது மொத்தமும் போச்! சர்வர் மூச்சே விடாது. அதைப் பொறுத்தவரைக்கும் ரெண்டு பேரும் ஒழுங்காத்தான் சேவ் பண்ணீங்க. ஃபைல் காணாமப் போனா உடனே தெரியும். இது அச்சுக்குப் போனப்புறம்தான் தெரியும்.

லாக் இருந்தா, திறக்கும்போதே எடிட்டர் சர்வர்கிட்ட ஒரு டோக்கன் வாங்கிடும். அது இல்லாம யார் எழுத வந்தாலும் 423-னு திருப்பி அனுப்பிடும். படிக்கத் தடையில்லை, எழுதத்தான். போட்டவர் மறந்துட்டு ஊருக்குப் போயிட்டா? அதுக்குத்தான் லாக்குக்குக் காலக்கெடு வைக்க வழி இருக்கு.

'டாவ் ஆன்'னு ஒரு வரி எழுதிட்டா முடிஞ்சுதுன்னு பல பேர் நினைக்கறாங்க. டாவ்லாக்டிபி-க்கு ஒரு பாதை கொடுங்க. அந்த ஃபோல்டர்ல அப்பாச்சி ஓடற யூசருக்கு எழுதற அனுமதி இருக்கணும். என்ஜின்எக்ஸோட சொந்த டாவ் மாட்யூல்ல லாக்கே கிடையாது, தனியா வேற மாட்யூல் சேர்க்கணும். பாஸ்வேர்டும் எஸ்எஸ்எல்லும் இல்லாமத் திறந்து வச்சா அது சர்வர் இல்லை, தர்ம சத்திரம்.

இவ்வளவும் பண்ணிட்டு, அதே ஃபோல்டருக்கு எஃப்டிபியையும் திறந்து வைக்கறாங்க பாருங்க, அங்கதான் எனக்குக் கோபம் வருது. லாக் அப்பாச்சியோட கணக்குப் புத்தகத்துல மட்டும்தான் இருக்கு. எஃப்டிபில வர்றவருக்கு அது தெரியவே தெரியாது, நேரா மேல எழுதிட்டுப் போயிடுவார். டோக்கன் வாங்கி வரிசையில நிக்கறவன் இளிச்சவாயனா? எழுத ஒரே ஒரு வழிதான் இருக்கணும். மத்ததை மூடுங்க, இல்லே படிக்க மட்டும்னு ஆக்குங்க.

"சப்வெர்ஷன் இருக்கே, அது ரெண்டையும் சேர்த்துக்குமே"ன்னு சிலர் சொல்வாங்க. வெறும் டெக்ஸ்டுக்கு சரி. ஆனா அட்டைப்படத்தை ரெண்டு பேர் திருத்தினா எதை எதோட சேர்க்கும்? அதனாலதான் அந்த சப்வெர்ஷன்லயே 2005-ல, 1.2 வெர்ஷன்ல லாக் வசதி கொண்டு வந்தாங்க.

லாக்னா நம்பிக்கையில்லைன்னு அர்த்தமில்லைங்க. 'நான் இதுல கை வச்சிருக்கேன், கொஞ்சம் பொறு'ன்னு சொல்ற மரியாதை, அவ்வளவுதான். நீங்க என்ன சொல்றீங்க?