பாதியில் நின்ற டிரெட்மில்லுக்கு "நார்மல்" சர்டிஃபிகேட் எதுக்கு?

1/ சுங்குவார்சத்திரம், ஒரகடம் பக்கம் கம்பெனிகள்ல வேலை பார்க்கிறவங்க மாஸ்டர் செக்கப் ஃபைலோட ஓபிக்கு வர்றாங்க. "டிஎம்டி நார்மல் சார், ஆனா படி ஏறினா நெஞ்சை அடைக்குது." ஃபைலைத் திறந்து பார்த்தா, சில பேருக்கு டெஸ்ட்டே முழுசா நடந்திருக்காது.

2/ இதய ரத்தக்குழாய் பாதிக்கு மேல அடைச்சிருந்தாலும், சும்மா உட்கார்ந்திருக்கும்போது தேவையான ரத்தம் போயிடும். ஈசிஜி, எக்கோ ரெண்டும் நார்மலா இருக்கலாம். நடு ராத்திரியில தெருக்குழாய் நல்லாத்தான் வரும். காலையில ஊரே திறக்கும்போதுதான் பற்றாக்குறை தெரியும்.

3/ அதனாலதான் ஓட விடுறோம். வழக்கமான இலக்கு: 220-ல வயசைக் கழிச்சு, அதில் 85 சதவீதம். 40 வயசுக்கு நிமிஷத்துக்கு 153 துடிப்பு.

4/ நாலு நிமிஷத்துல கால் வலின்னு இறங்கி, துடிப்பு 120-லயே நின்னு, ஈசிஜியில மாற்றமும் இல்லைன்னா அதுக்குப் பேர் "நெகட்டிவ்" கிடையாது. "முடிவு சொல்ல முடியாது" என்பதுதான் நேர்மையான ரிப்போர்ட்.

5/ ஸ்கேன் சேர்த்தா சரியாயிடுமா? ஸ்ட்ரெஸ் எக்கோவில் டிரெட்மில்லை விட்டு இறங்கின ஒன்றரை நிமிஷத்துக்குள்ள படம் எடுக்கணும். நியூக்ளியர் ஸ்கேனில் உச்ச உழைப்பில் ஊசி போட்டு, மேலும் ஒரு நிமிஷமாவது ஓட வைக்கணும். உழைப்பு போதலைன்னா எவ்வளவு விலை உயர்ந்த கேமராவும் அடைப்பைத் தவறவிடலாம்.

6/ "நைட் ஷிப்ட் முடிச்சு வந்தவர் எவ்வளவு ஓடுவார்?" நியாயமான கேள்வி. தூங்கி எழுந்து வரச் சொல்லுங்க. மூட்டு வலின்னா டோபுடமின், அடினோசின் ஊசி போட்டுச் செய்யும் ஸ்கேன் இருக்கு. சிடி ஆஞ்சியோ இருக்கு. பேக்கேஜை முடிக்கணும்னு "நார்மல்" அடிக்கிறது மட்டும் வழி இல்ல.

7/ 85 ஒண்ணும் மந்திர எண் இல்ல. அதுக்கு முன்னாடியே நெஞ்சுவலியும் ஈசிஜி மாற்றமும் வந்தா நிறுத்துறதுதான் சரி, அது பாசிட்டிவ். 85-ஐத் தாண்டி நார்மல்னு வந்தாலும் ஆயுள் உத்தரவாதம் கிடையாது.

8/ உங்க ரிப்போர்ட்டில் மூணு விஷயம் பாருங்க: எத்தனை நிமிஷம்? உச்சத் துடிப்பு எத்தனை சதவீதம்? ஏன் நிறுத்தினாங்க? அட்டெனலால், மெட்டோபுரோலால் சாப்பிடுறவங்களுக்குத் துடிப்பு சரியா ஏறாது. டெஸ்ட்டுக்கு முன்னாடியே டாக்டர்கிட்ட சொல்லுங்க. நீங்களா மாத்திரையை நிறுத்தாதீங்க.

9/ நெஞ்சு இறுக்கம், வேர்வை, கை அல்லது தாடை வலி இப்பவே இருக்கா? டிஎம்டி வேண்டாம், 108-ஐக் கூப்பிடுங்க. ஆரம்ப சுகாதார நிலையம் பக்கத்துல இருந்தா அங்க போங்க. 2023-ல் தொடங்கின "இதயம் காப்போம்" திட்டத்தில் முதல் டோஸ் மாத்திரை அங்கேயே கிடைக்கும். "போன மாசம் நார்மல்னு வந்துச்சே"ன்னு ஷிப்டை முடிச்சுட்டு வராதீங்க.