ஹாஸ்டல் கிச்சன்: முட்டைக்கும் சாயம் ஏத்தலாம்!

காஞ்சிபுரத்தை 'கோயில் நகரம்'னு சொல்வாங்க. 'பட்டு நகரம்'னும் சொல்வாங்க. 'நாலு பேர் சேர்ந்து ரூம் எடுத்துத் தங்குற பசங்களோட நகரம்'னு மட்டும் ஏனோ யாரும் சொல்றதில்லை! ஏனாத்தூர் பக்கம் காலேஜ், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கம்பெனி... நடுவுல நம்ம ரூம். அந்த ரூமின் தேசிய உணவு எது? சந்தேகமே இல்லாம முட்டைதான்!

நமக்கும் முட்டைக்கும் இருக்கற சிநேகம் பள்ளிக்கூடத்திலேயே ஆரம்பிச்சது. 1989-ல் சத்துணவுல ரெண்டு வாரத்துக்கு ஒண்ணுன்னு வந்த முட்டை, 2010-ல் வாரத்துக்கு அஞ்சுன்னு ஆயிடுச்சு. ஆனா அவிச்சு, பொரிச்சு, ஆம்லெட் போட்டு அலுத்துப் போன கூட்டத்துக்கு இந்த வாரம் ஒரு புது அயிட்டம்: வினிகர்ல ஊறின முட்டை. இங்கிலாந்துல பப் கவுன்ட்டர்களில் பெரிய கண்ணாடி ஜாடியில மிதக்குமே, அந்தப் பார்ட்டி! அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் குடியேறின ஜெர்மானியர்கள் இதுலயே பீட்ரூட்டைப் போட்டு ரோஸ் கலர் ஆக்கிட்டாங்க.

ரோஸ் கலர்னதும் காஞ்சிபுரத்துக்காரங்களுக்கு சாயப்பட்டறை ஞாபகம் வந்திருக்கணுமே? வரலேன்னா வர வைக்கிறேன்.

பட்டும் புரதம், முட்டையும் புரதம்!

பட்டு நூலை அப்படியே சாயத்துல முக்க மாட்டாங்க. முதல்ல சோப்பு, சோடா போட்டுக் கொதிக்க வெச்சு, நூல் மேல இருக்கற பசையை எடுப்பாங்க. அப்புறம்தான் சூடான சாயத் தண்ணி. பட்டு ஒரு புரதம். அதனால சாயம் நல்லாப் பிடிக்க அந்தத் தண்ணியில கொஞ்சம் அமிலம் சேர்க்கறது வழக்கம். பெரும்பாலும் அசிட்டிக் அமிலம். அதாவது நம்ம வினிகர்ல இருக்கற அதே ஆசாமி!

முட்டையின் வெள்ளைக்கருவும் புரதம்தான். ஓட்டை உரிச்சு, வினிகர்ல பீட்ரூட் போட்டு ஊற வெச்சா கலர் ஜம்முனு ஏறும். ஆனா ஒரு பெரிய வித்தியாசம். பட்டு நூல் மெல்லிசு, சாயம் சீக்கிரமா உள்ளே போயிடும். முட்டை குண்டு! வினிகர் வெளியிலிருந்து மெதுவா, மெதுவா நகர்ந்து, கடைசியாத்தான் மஞ்சள்கருவைத் தொடும். வெளியே ரோஸ் வந்தாச்சுன்னா உள்ளேயும் வேலை முடிஞ்சுதுன்னு அர்த்தமில்லை. இதை மனசுல வெச்சுக்குங்க. இந்த வாரக் கட்டுரையின் உயிரே இதுலதான் இருக்கு.

செய்முறைக்குப் போவோமா?

தேவை: 6 முட்டை, 400 மில்லி வினிகர், உப்பு ஒன்றரை டீஸ்பூன், சர்க்கரை ஒரு டேபிள்ஸ்பூன், வேகவெச்ச பீட்ரூட் நாலு மெல்லிய துண்டு, காய்ந்த மிளகாய் ரெண்டு. அப்புறம் மிளகு, சீரகம், ஒரு துண்டு சுக்கு. (காஞ்சிபுரம் இட்லியில போடற அதே கூட்டணி. வரதராஜப் பெருமாள் மன்னிப்பாராக!)

வாங்கின அன்னைக்கே முட்டையை வேகவெச்சா ஓடு சரியா உரியாது. ஒரு வாரம் ஆன முட்டைதான் அழகா உரியும். தண்ணி கொதிச்சதும் 12 நிமிஷம் வேகட்டும். உடனே பச்சைத் தண்ணிக்கு மாத்தி, ஆறினதும் உரிங்க. உரிக்கும்போது கீறல் விழுந்த முட்டையை ஜாடிக்குள்ள போடாதீங்க. அது அன்னைக்கே உங்க வயித்துக்குள்ள போகட்டும்.

வினிகரோட மத்த அயிட்டம் எல்லாத்தையும் எவர்சில்வர் பாத்திரத்துல போட்டு அஞ்சு நிமிஷம் சின்னத் தீயில கொதிக்க விடுங்க. அலுமினியப் பாத்திரம் வேண்டாம், வினிகர் அதை அரிச்சிடும். வெந்நீர்ல கொதிக்க வெச்சு எடுத்த முக்கால் லிட்டர் கண்ணாடி ஜாடியில முட்டையை அடுக்கி, மேல சூடா ஊத்துங்க. ஒரு முட்டைகூட தலையை வெளியே நீட்டக் கூடாது. மூடி, சூடு குறைஞ்சதும் நேரா ஃப்ரிட்ஜ். சின்ன முட்டைன்னா ஒண்ணு, ரெண்டு வாரம். மீடியமோ பெருசோ ஆனா ரெண்டுலேர்ந்து நாலு வாரம். அதுக்கப்புறம் எடுங்க, வெட்டுங்க, தயிர்சாதத்துக்குத் தொட்டுக்குங்க!

வினிகர் வாங்கும்போது லேபிளைப் படிங்க. அமெரிக்க ரெசிபி எல்லாம் 5 சதவீத அமிலம்னு கணக்குப் போட்டு எழுதினது. நம்ம ஊர் விதிப்படி 3.75 சதவீதம் இருந்தாலே அது வினிகர். கடையில கிடைக்கறது பெரும்பாலும் 4 சதவீதம்தான். அதனால 'பாதி வினிகர், பாதி தண்ணி'ன்னு எங்கேயாவது போட்டிருந்தா தண்ணியை மறந்துடுங்க.

பாட்டி ஃபார்முலா இங்கே செல்லாது!

"ஊறுகாய்னா மொட்டைமாடியில, வெயில்ல வைக்கணுமே... ஃப்ரிட்ஜ் எதுக்கு?"ன்னு பாட்டி கேப்பாங்க. நியாயமான கேள்வி. ஆனா மாங்காயும் எலுமிச்சையும் பொறக்கும்போதே புளிப்பு. அதுல உப்பும் சேர்ந்தா கெட்ட கிருமிக்கு வேலையே இல்லை. முட்டைக்கு சொந்தப் புளிப்பு கிடையாது. வெள்ளைக்கரு காரம், மஞ்சள்கரு கிட்டத்தட்ட நடுநிலை.

1997 நவம்பர். அமெரிக்காவின் இல்லினாய்ஸ் மாநிலம். ஆரோக்கியமா இருந்த 68 வயசு மனுஷர் ஒருத்தர், வீட்டுலேயே முட்டை ஊற வெச்சார். நம்ம ரெசிபி மாதிரியேதான்... பீட்ரூட், மிளகாய், வினிகர். சீக்கிரம் ஊறட்டும்னு பல்குத்தும் குச்சியால முட்டையைக் குத்தி விட்டார். ஜாடியை வெளியிலேயே வெச்சார், அப்பப்போ வெயிலும் பட்டது. அதைச் சாப்பிட்டவருக்கு முதல்ல வாந்தி, வயித்துவலி. அடுத்த 24 மணி நேரத்துல எல்லாம் ரெண்டு ரெண்டாத் தெரிஞ்சது, பேச்சு குழறியது, மூச்சு விட முடியலை. வென்டிலேட்டர் வெச்சு, விஷமுறிவு மருந்து கொடுத்து, ரொம்ப நாள் சிகிச்சைக்கு அப்புறம்தான் பிழைச்சார்.

காரணம், 'பாட்டுலிசம்'. நடிகர், நடிகைகள் சுருக்கம் போக ஊசி போட்டுக்கறாங்களே, 'போடாக்ஸ்'... அதே விஷம்தான். டாக்டர் கையில துளித்துளியா இருந்தா மருந்து, ஊறுகாய் ஜாடியில இருந்தா எமன். இதை உண்டாக்கற கிருமியின் விதைகள் மண்ணுல எங்கேயும் இருக்கும். சாதாரணமா கொதிக்க வெச்சா சாகாது. காத்து இல்லாத, புளிப்பு இல்லாத, வெதுவெதுப்பான இடம் கிடைச்சா முளைச்சு விஷத்தைக் கக்கும்.

ஜாடியில இருந்த வினிகர் தண்ணியின் பி.எச். 3.5. நல்ல புளிப்பு. 4.6-க்குக் கீழே இந்தக் கிருமி வளராது. ஆனா மஞ்சள்கருவின் பி.எச். சாதாரணமா 6.8. வினிகர் அங்கே போய்ச் சேர்றதுக்குள்ள, குத்தின குச்சி கிருமியைக் கூட்டிட்டுப் போயிடுச்சு. வெயில் மிச்ச வேலையைப் பார்த்துச்சு. பரிசோதனையில மஞ்சள்கருவுலதான் விஷம் அதிகமா இருந்தது. காஞ்சிபுரத்துச் சித்திரை வெயில்ல அந்த ஜாடி இருந்தா எப்படி இருக்கும்னு நீங்களே யோசிச்சுப் பாருங்க!

மசாலா, எண்ணெய் ஊத்திச் செய்யற முட்டை ஊறுகாய்க்கும் இதே கதைதான். மேல நிக்கற எண்ணெய் பூஞ்சையைத் தடுக்கும். ஆனா காத்தையும் தடுக்குமே! இந்தக் கிருமிக்கு அது ஏசி ரூம் மாதிரி. அதையும் ஃப்ரிட்ஜ்ல வெச்சு, சில நாள்லயே முடிச்சிடுங்க.

நாலே நாலு விதி

குத்தாதே. தண்ணி கலக்காதே. வெயில்ல வைக்காதே. வெளியே எடுத்தா ரெண்டு மணி நேரத்துக்கு மேல விடாதே.

நல்லா இருக்கான்னு மோந்து பார்த்துக் கண்டுபிடிக்கலாம்னு நினைக்காதீங்க. இந்த விஷத்துக்கு வாசனை கிடையாது. சாப்பிட்ட பிறகு கண் இமை தொங்கினாலோ, ரெண்டாத் தெரிஞ்சாலோ, முழுங்க முடியலேன்னாலோ, 'காலையில பார்த்துக்கலாம் மச்சி'ன்னு படுக்காம உடனே ஆஸ்பத்திரி. என்ன சாப்பிட்டோம்னு டாக்டர்கிட்ட மறக்காம சொல்லுங்க.

"எல்லாம் சரி, எங்க ரூம்ல ஃப்ரிட்ஜ் இல்லையே பாஸ்"னு முனகறது கேக்குது. ஃப்ரிட்ஜ் இல்லாத ரூமுக்கு இந்த முட்டை இல்லை, அவ்வளவுதான். அவிச்ச முட்டையை ரெண்டாப் பிளந்து, மிளகுப்பொடி தூவி, எலுமிச்சை பிழிஞ்சு அப்பவே சாப்பிடுங்க. அரை மணி நேர வேலை, ராத்திரி நிம்மதியான தூக்கம். ஊர்ல ஃப்ரிட்ஜ் இருக்கற வீட்டுக்காரங்க, அடுத்த லீவுக்குப் போகும்போது ஒரு ஜாடி போட்டு வெச்சுட்டு வாங்க. அதுக்கு அடுத்த லீவுக்குப் போறப்ப, ஊறி, சிவந்து, உங்களுக்காகக் காத்திருக்கும்... தங்கச்சி கண்ணுல படாம இருந்தா!