கண்ணாடிக்குள் ஒரு வாய்க்கால்

பாபநாசம் சென்று வராத நெல்லைக்காரர் எவரும் இரார். படித்துறையில் நின்று ஒரு பிடி பொரியை வீசினால், கருத்த முதுகுகள் ஒன்றையொன்று நெருக்கித் தள்ளிக்கொண்டு மேலே வருவதைச் சிறு வயது முதல் கண்டு களித்திருக்கிறோம். ஆனால் அந்த மீனின் பெயர் என்ன என்று கேட்டால், ‘மீன்’ என்பதோடு நம் விடை நின்றுவிடுகிறது! அதே நாம் வண்ணமீன் கடைக்குள் நுழைந்துவிட்டால் கோல்டு ஃபிஷ், கப்பி, ஏஞ்சல் என்று மூச்சு விடாமல் ஒப்பிக்கிறோம். சீனத்து மீனையும் தென்னமெரிக்க மீனையும் பெயர் சொல்லி அழைக்கத் தெரிந்த நமக்குப் பொருநை மீனை அழைக்கத் தெரியவில்லை.

நம் கல்லூரியில் ஒரு சிறு மீன்தொட்டி அமைக்கவேண்டும் என்ற பேச்சு மாணவரிடையே சில காலமாக உலவி வருகிறது. அமைக்கத்தான் வேண்டும். ஆனால் அத்தொட்டியில் கடையில் வாங்கிய ஒரு மீனோ, ஒரு செடியோ இருத்தல் கூடாது. என் கட்சி இதுதான்.

முதலில், செடி வளரும் தொட்டி என்றால் என்ன என்பதைச் சொல்லிவிடுகிறேன். இலண்டனில் வாழ்ந்த இராபர்ட் வாரிங்டன் என்ற வேதியியலார், இரண்டு பொன்மீன்களையும் வாலிஸ்னேரியாச் செடியையும் ஒரே தொட்டியில் வளர்த்துப் பார்த்தார். அழுகிய இலைகளால் நீர் கலங்கியது, நத்தைகளை விட்டார், அவை அழுகலைத் தின்றன, நீர் தெளிந்தது. 1850இல் இதனை அவர் வெளியிட்டார். மீன் விடும் கரியமில வாயு செடிக்கு. செடி விடும் உயிர்வளி மீனுக்கு. மீனின் கழிவில் பிறக்கும் அம்மோனியா நஞ்சு. அதனை மணலில் ஒட்டி வாழும் நுண்ணுயிர்கள் படிப்படியாக நைட்ரேட்டாக மாற்றுகின்றன. செடியோ அம்மோனியாவையும் நைட்ரேட்டையும் உரமாக உண்டுவிடுகிறது. ஆக, தொட்டியில் நாம் வளர்ப்பது மீனை அன்று, மண்ணையும் செடியையும்தான். மீன் விருந்தாளி.

இது தெரியாமல் நான் பட்ட பாடு நகைப்புக்குரியது. வீட்டில் ஒரு தொட்டி வைத்திருந்தேன். சனிக்கிழமைதோறும் நீர் முழுவதையும் கொட்டி, மணலைக் குழாயடியில் பளபளவெனத் தேய்த்துக் கழுவுவேன். திங்களன்று ஒரு மீன் மிதக்கும். இன்னும் தூய்மை போதவில்லை போலும் என்று அடுத்த வாரம் மேலும் அழுத்தித் தேய்ப்பேன்! குளோரின் கலந்த குழாய்நீரில் அந்த நுண்ணுயிர்களை வாரந்தோறும் கொன்று வந்தவன் நானே என்பது பின்னர்தான் விளங்கிற்று.

2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரம் கொண்ட கண்ணாடித் தொட்டி போதும். ஏறக்குறைய 50 லிட்டர் நீர் பிடிக்கும். நீரும் மண்ணும் கண்ணாடியும் சேர்ந்தால் ஓர் ஆள் எடைக்கு மேல் வரும். ஆட்டங்காணும் மேசை ஆகாது. அடியில் ஓர் அங்குலம் வயல் வண்டல். உரம் போட்ட மண் வேண்டாம். அதன்மேல் ஓர் அங்குலம் சலித்துக் கழுவிய பருமணல். ‘ஆற்றுக்குப் போய் அள்ளி வருவோம்’ என்று யாரும் புறப்பட்டுவிட வேண்டாம். ஏற்கெனவே அள்ளியது போதும். ஏதாவதொரு கட்டட வேலையில் ஒரு வாளி கேட்டால் கொடுப்பார்கள். மேற்குச் சன்னல் கூடாது; நம்மூர் வெயிலில் தொட்டி நீர் வெந்நீராகிவிடும். காலையில் இரண்டு மூன்று மணி நேரம் இளவெயில் படும் கிழக்குச் சன்னலே உகந்தது. அல்வாவுக்குச் சுவை தருவதாக நாம் பெருமை பேசும் அதே ஆற்று நீரைக் குழாயில் பிடித்து, ஒரு நாள் திறந்து வைத்திருந்து ஊற்றினால் போதும்.

செடிக்கு எங்கே போவது? தாவரவியல் ஆய்வகத்தில், சோதனைக் குழாயில் எழும் குமிழியை எண்ணுவதற்காக ஹைட்ரில்லா கொண்டு வருகிறோம். மாலையில் குப்பையில் எறிகிறோம். அதை எறியாமல் நட்டாலே தொட்டியில் பாதி நிறைந்துவிடும். வாலிஸ்னேரியாவும் நம் நாட்டு நீர்நிலைகளில் வளர்வதே. ஊர் வழக்கில் இவை எல்லாவற்றுக்கும் ‘பாசி’ என்ற ஒரே பெயர்தான்! வாய்க்கால் கரையில் நாம் மிதித்துச் செல்லும் நீர்ப்பிரம்மியை அயல்நாடுகளில் தொட்டிச் செடியாகக் காசு கொடுத்து வாங்குகிறார்கள். ஆரைக்கீரையும் அவ்வாறே, முன்வரிசையில் நட்டால் பச்சைக் கம்பளம் போலப் படரும். குளத்துக் கொட்டிச் செடி ஒன்றை நடுவில் வைத்தால் இலை மேலே மிதக்கும். கொண்டுவந்த செடிகளைத் தனி வாளியில் ஒரு வாரம் வைத்துப் பார்ப்பது நல்லது. அவற்றோடு வரும் தட்டானின் இளவுயிரி, மீன்குஞ்சுகளை ஒன்றுவிடாமல் தின்று தீர்க்கும்.

நான்கு வாரமாவது செடி மட்டும் இருக்கட்டும். பிறகே மீன்.

பிசானம் அறுவடையாகி, பங்குனி வாக்கில் நெல்லை வாய்க்காலையும் பாளையங்காலையும் கோடகன் காலையும் அடைத்துவிட்டால், மடுக்களிலும் மதகடிகளிலும் கொஞ்சம் நீர் தேங்கி நிற்கும். அதில் கெண்டைப்பொடிகள், அயிரை, உச்சந்தலையில் வெள்ளிப்பொட்டு மின்ன நீர்மட்டத்திலேயே திரியும் சிறுமீன்கள் எல்லாம் அகப்பட்டுக்கொள்ளும். நீர் வற்ற வற்றக் கொக்குக்கு ஒரு பங்கு, வெயிலுக்கு ஒரு பங்கு. எப்படியும் சாகப்போகும் அவற்றில் எட்டுப் பத்தைக் கைவலையில் எடுத்தால் ஆற்றுக்கு இழப்பில்லை. இரண்டு அங்குலத்துக்கு மேற்பட்டது வேண்டாம். விரால் குஞ்சு அழகாயிருக்கிறதே என்று மயங்கவும் வேண்டாம். குத்தகைக் குளத்தில் கை வைக்கக் கூடாது. பாபநாசத்துக்கு மேலே, 1988இல் அமைந்த களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள் ஒரு மீனையோ ஓர் இலையையோ தொடவே கூடாது.

இவ்வளவு அலைவதற்குப் பதில், கடையில் இருநூறு ரூபாய்க்கு வாங்கி விட்டால் என்ன என்று நண்பர்கள் கேட்கிறார்கள். வாங்குவதில் தீங்கில்லை, சலிப்பு வந்தபின் எங்கே கொட்டுகிறோம் என்பதில்தான் தீங்கு. ஆற்றையும் குளங்களையும் மூடிக்கிடக்கும் அமலைச் செடியும் ஒரு காலத்தில் தென்னமெரிக்காவிலிருந்து அழகுக்காக இந்தியாவுக்கு வந்ததே. இன்று ‘டேங்க் கிளீனர்’ என்று விற்கப்படும் முள்தோல் மீனும் அந்தக் கண்டத்ததுதான். விரலளவில் வாங்குகிறோம், அது ஓர் அடிக்கு மேல் வளர்கிறது, தொட்டி கொள்ளாமல் குளத்தில் விட்டுவிட்டுப் புண்ணியம் செய்ததாக எண்ணிக்கொள்கிறோம். அது கரையைத் துளைத்து முட்டையிட்டுப் பெருகுகிறது. தமிழ்நாட்டு ஏரி குளங்களில் மீனவர் வலையில் அது சிக்கி வருகிறது. உண்பாரும் இல்லை, வாங்குவாரும் இல்லை. தொட்டியின் அடியைத் துழாவி எச்சத்தைத் தின்ன ஒரு மீன் வேண்டுமென்றால், நம் அயிரை இல்லையா?

நயினார்குளத்தில் விட்டது நயினார்குளத்திலேயே கிடக்கும் என்று யாரும் சமாதானம் சொல்ல வேண்டாம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் குளம், வாய்க்கால், சாக்கடை, ஆறு அனைத்தும் ஒன்றாகக் கலந்ததை நாம் கண்ணாரக் கண்டோம்.

ஆற்றில் இருப்பது இன்னதென்று தெரிந்தால்தான் இதன் பாரம் புரியும். 1954இல் சைலஸ் என்ற மீனியல் அறிஞர், இந்த ஆற்றுக்கே உரிய கெண்டை ஒன்றை விவரித்து, அதற்கு ‘தாம்ப்ரபர்னியெய்’ என்று ஆற்றின் பெயரையே சூட்டினார். வளர்ந்த ஆண்மீனின் முதுகுத் துடுப்பிலிருந்து நூலிழைகள் நீண்டு தொங்கும். 2012இல் இலங்கை அறிஞர் ரோஹன் பெத்தியாகொடவும் அவர் தோழர்களும் அதனை ‘டாக்கின்சியா’ என்ற புதுப் பேரினத்தில் சேர்த்தார்கள். அயல்நாட்டு மீன் வளர்ப்பாளர் அதனை விரும்பித் தேடுகிறார்கள். நம் தொட்டிக்கு அதைக் கொண்டுவரலாமா என்றால், கூடாது என்பேன். கைம்மீறி வளரும் மீனுக்கு இரண்டடித் தொட்டி சிறை. அதன் படம் ஒன்றைத் தொட்டிக்கு மேலே சுவரில் மாட்டினால் போதும். கீழே அதன் சிற்றுறவினர் நீந்தட்டும்.

ஒரு சிக்கல் மட்டும் உண்டு. மீன் கிடைக்கும் காலமும் நமக்குக் கோடை விடுமுறையும் ஏறக்குறைய ஒன்றாக வந்துவிடுகின்றன. செடி நன்றாக வேரூன்றிய தொட்டியில் பத்துச் சிறுமீன்கள், இரண்டு நாளுக்கொரு சிட்டிகை இரையில் வாழ்ந்துவிடும். ஊரிலேயே இருக்கும் மாணவர் நால்வர் முறை வைத்து வந்தால் ஆயிற்று. வெயிலில் குறையும் நீரை ஊற்றவும் ஆள் வேண்டுமல்லவா? அணையில் நீருள்ள ஆண்டுகளில் ஜூன் தொடக்கத்தில் கார் சாகுபடிக்கு மதகு திறப்பார்கள். அன்று, எடுத்த வாய்க்காலிலேயே எடுத்த மீனை விட்டுவிடலாம். கடை மீனோடு ஒரு நாள்கூட அவை ஒரே நீரில் இருந்திருக்கக் கூடாது. இருந்திருந்தால் நோயையும் சேர்த்து ஆற்றுக்கு அனுப்பியவர்களாவோம். செடிகள் தொட்டியிலேயே இருந்து, புதிதாக வரும் முதலாண்டு மாணவருக்காகக் காத்திருக்கும்.

இடமும் பார்த்து வைத்திருக்கிறேன். விலங்கியல் ஆய்வகத்தின் கிழக்குச் சன்னலருகே பழைய தேக்குமேசை ஒன்று கிடக்கிறது. அதன்மேல் அடுக்கியிருக்கும் காலிப் பெட்டிகளை மட்டும் யாராவது நகர்த்தவேண்டும்.