மழை வந்த பிறகு பட்ட மரம்

எங்கள் பள்ளிக்கூடத்துக்குப் போகும் வழியில் ஒரு புளியமரம் இருந்தது. "இருந்தது" என்று எழுதும்போதே மனத்துக்குச் சங்கடமாக இருக்கிறது. அரியலூர் ஜில்லா விக்கிரமங்கலத்துக்கு வந்து போகிறவர்களில் அதன் நிழலில் ஒரு தடவையாவது நிற்காதவர்கள் அபூர்வம். பையன்கள் சைக்கிளை அதன்மேல் சாத்திவிட்டு, கல்லெறிந்து புளியங்காய் அடிப்பார்கள். உபாத்தியாயராகிய நான் அதைக் கவனிக்காதவன்போல் அப்பால் போய்விடுவேன். நாற்பது வயதைத் தாண்டிய பிறகும் புளியங்காய் விஷயத்தில் என் மனச்சாட்சி அவ்வளவு சுத்தமானதல்ல.

2016-ம் வருஷத்து வறட்சியில் அந்த மரம் இலை குறைந்து, கிளை மெலிந்து, ஆனாலும் நின்றது. 2017 ஆடி, ஆவணியில் மழை வந்தது. மரம் துளிர்த்தது. "அப்பாடா, பிழைத்தது!" என்று எல்லோரும் நினைத்தோம். மறு வருஷம், 2018 ஆகஸ்டில், தெற்கே கொள்ளிடம் இரு கரையும் புரண்டு ஓடிக்கொண்டிருந்த சமயத்தில், புளியமரம் உச்சியிலிருந்து காய ஆரம்பித்தது. தைப் பொங்கலுக்குள் அது வெறும் விறகு.

எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் கேட்டான்: "ஸார், மழை இல்லாத வருஷத்தில் சாகாத மரம், மழை பெய்த பிறகு ஏன் செத்தது?"

கேள்வி நியாயமானது. பதில் எனக்கு அப்போது தெரியவில்லை. "நாளைக்குச் சொல்கிறேன்" என்றேன். உபாத்தியாயர்கள் சொல்லும் "நாளைக்கு" எத்தனை நாள் நீளும் என்பது நேயர்களுக்குத் தெரியாததல்ல. அந்தப் பதிலைத்தான் இந்த வாரம் இங்கே எழுதுகிறேன்.

அதற்கு முன்னால் என்னுடைய குற்றம் ஒன்றையும் ஒப்புக்கொண்டு விடுகிறேன். என் வீட்டுக் கொல்லையில் ஒரு வேம்பு நின்றது. 2017 பங்குனியில் அதில் ஓர் இலைகூட இல்லை. வேம்பு வறட்சிக்கு அஞ்சாத மரம்; அதுவே மொட்டையாகிவிட்டது என்றால் செத்துத்தான் போயிருக்கவேண்டும் என்று தீர்மானித்து, ஆளை விட்டு வெட்டச் செய்தேன். கோடரி விழுந்தபோது அடிமரம் ஈரமாக இருந்தது. வெட்டினவர் என் முகத்தைப் பார்த்தார். நான் வேறு பக்கம் பார்த்தேன். ஆவணி மழைக்கு அந்த அடிக்கட்டையிலிருந்து ஒன்பது தளிர்கள் கிளம்பின. செத்ததென்று நான் வெட்டிய மரம் உயிரோடிருந்தது. பிழைத்ததென்று ஊரே நம்பிய மரம் செத்துக்கொண்டிருந்தது. இரண்டு விஷயத்திலும் நாம் ஏமாந்தது ஒரே காரணத்தால்தான்: மரத்தின் காலக் கணக்கு வேறு, நம்முடைய காலக் கணக்கு வேறு.

2016-ம் வருஷத்து வறட்சி சாதாரணமானதல்ல. தமிழ்நாட்டுக்கு வடகிழக்குப் பருவத்தில் சராசரியாகக் கிடைக்கவேண்டிய மழை ஏறத்தாழ 440 மில்லிமீட்டர். அந்த வருஷம் கிடைத்தது சுமார் 168 மில்லிமீட்டர். அதாவது நூற்றுக்கு 62 பங்கு குறைவு. நம் பாட்டனார்கள் சொல்லிச் சொல்லி நடுங்கிய தாது வருஷம் 1876-ல் வந்தது. அதற்குப் பிறகு வடகிழக்குப் பருவம் இவ்வளவு மோசமாகப் பொய்த்ததில்லை என்றார்கள். 2017 ஜனவரி 10-ந் தேதி ராஜ்யத்தின் 32 ஜில்லாக்களும் வறட்சி பாதித்தவை என்று சர்க்கார் அறிவித்தது. நெற்பயிருக்கு ஏக்கருக்கு 5,465 ரூபாய் நிவாரணம், நிலவரி தள்ளுபடி. குடியானவர்களுக்கு அது வேண்டியதே. போதவில்லை என்பதுதான் குறை.

ஆனால் நெல்லுக்குப் பட்டா உண்டு; அடங்கலில் பெயர் உண்டு. ஏரிக்கரை மரத்துக்கும், மந்தைவெளிப் புல்லுக்கும், ஐயனார் கோயில் காட்டுக்கும் பட்டாவும் இல்லை, மனு எழுதிக்கொடுக்க ஆளும் இல்லை. மழை பெய்ததும் வறட்சிக் கணக்கை மூடிவிட்டோம். அவற்றின் கணக்கோ அப்போதுதான் ஆரம்பமாயிற்று.

முதலில் புல்லைப் பார்ப்போம். எங்கள் ஊரில் ஆடு மேய்க்கும் ஆயா ஒருவர் உண்டு. பள்ளிக்கூட வாசலைத் தாண்டாதவர். புல்லைப் பற்றி அவரிடம் நான் பாடம் கேட்கவேண்டும். 2017 கோடையில் மந்தைவெளி மண் வெடித்துக் கிடந்தபோது, "எல்லாம் போய்விட்டதே, ஆயா" என்றேன். "போகல வாத்தியாரய்யா, கீழே படுத்திருக்கு" என்றார். அப்படியே ஆயிற்று. மழை பெய்த ஏழெட்டு நாளில் தரை பச்சையாகிவிட்டது. புல் வறட்சியோடு மல்லுக்கு நிற்பதில்லை. மேலேயிருக்கும் தாளைக் காயவிட்டு, உயிரை வேர்க்கட்டிலும் விதையிலும் ஒளித்து வைத்துக்கொள்கிறது. முதலில் மடிவதும் அதுதான், முதலில் எழுவதும் அதுதான்.

மரத்தால் அப்படிப் படுத்துக்கொள்ள முடியாது. அது நின்றே தீரவேண்டும். இலையில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் இருக்கின்றன. அவற்றின் வழியாகத்தான் மரம் காற்றிலிருந்து கரியமில வாயுவை எடுத்து உணவு சமைக்கிறது. அவற்றின் வழியாகவே நீராவியும் வெளியேறுகிறது. மண்ணில் ஈரம் குறையும்போது மரம் தண்ணீரைக் காப்பாற்றத் துளைகளை மூடிக்கொள்கிறது. மூடிக்கொண்டால் சமையல் நின்றுவிடும். பிறகு, வேரிலும் தண்டிலும் சேர்த்து வைத்த மாவுச்சத்தை எடுத்துச் சாப்பிட்டுக்கொண்டு நாளைக் கழிக்கிறது. குதிரில் உள்ள விதைநெல்லைக் குத்திச் சாப்பிடும் குடும்பத்தின் நிலைமைதான்.

துளைகளைத் திறந்து வைத்திருக்கும் மரத்துக்கோ வேறொரு ஆபத்து. வேர் முதல் உச்சி வரையில் மரத்துக்குள் நூல்போன்ற குழாய்களில் தண்ணீர் அறுபடாமல் ஏறிக்கொண்டிருக்கிறது. கீழே ஈரம் இல்லாமல் மேலே வெயில் இழுத்தால், ஓர் எல்லைக்குமேல் அந்த நூல் அறுந்து குழாய்க்குள் காற்றுக் குமிழி புகுந்துவிடும். புகுந்த குழாய் பெரும்பாலும் மறுபடி வேலைக்கு ஆகாது. தண்ணீர் உறிஞ்சும் மெல்லிய வேர்களும் காய்ந்து உதிர்ந்துவிடும்.

இப்போது மழை வருகிறது. நமக்குக் கொண்டாட்டம், மரத்துக்குச் செலவு. புது வேர் விடவேண்டும், புதுக் குழாய் கட்டவேண்டும், புது இலை தள்ளவேண்டும். குதிரோ காலி. இருந்த கடைசிப் படியையும் போட்டு அது துளிர்ப்பதைத்தான் நாம் "பிழைத்தது" என்று சொல்லுகிறோம். அந்த நேரம் பார்த்துத் துளைப்பான் வண்டும் பூஞ்சக்காளானும் வருகின்றன. திடமான மரம் பிசினைக் கொண்டு அவற்றைத் தடுக்கும்; பட்டினி கிடந்த மரத்துக்கு அதற்கும் சக்தி இல்லை. மேல் மண் நனைந்தாலும் ஆழத்து ஈரம் ஒரு மழையில் திரும்புவதில்லை. கொள்ளிடத்தில் போன வெள்ளமோ மேற்கு மலைகளில் பெய்த மழை. அதில் எங்கள் புளியமரத்துக்கு ஒரு சொட்டும் பங்கில்லை.

இது என் ஊகமல்ல. நீலகிரி ஜில்லாவில் முதுமலைக் காட்டில், பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தைச் சேர்ந்த விஞ்ஞானிகள் 1988-ல் 50 ஹெக்டேர் நிலத்தை அளந்து, அதில் நின்ற 25,000-க்கு மேற்பட்ட மரங்களையும் கன்றுகளையும் ஒவ்வொன்றாக எண்ணி, அடையாளத் தகடு மாட்டினார்கள். தேக்கு, வெண்தேக்கு, வெக்காலி, கருமருது என்று கலந்து நிற்கும் காடு. ஒரு செண்டிமீட்டர் பருமனுள்ள கன்றுகூடக் கணக்கில் சேர்ந்தது. யானை முறித்தது எது, தீயில் போனது எது, நின்றபடியே பட்டது எது என்று வருஷந்தோறும் பார்த்து வந்தார்கள். பத்தொன்பது வருஷக் கணக்கை மழைக் கணக்கோடு ஒப்பிட்டபோது தெரிய வந்தது இதுதான்: மரங்கள் அதிகமாக மடிந்தது மழை குறைந்த அதே வருஷத்தில் அல்ல, இரண்டு மூன்று வருஷம் கழித்து. பெரிய மரங்கள் இன்னும் தாமதமாக மடிந்தன. எட்டாம் வகுப்புப் பையன் கேட்ட கேள்விக்கு முதுமலை சொன்ன பதில் அது.

கடல் கடந்தும் இதே கதைதான். அமெரிக்காவில் காலிபோர்னியா ராஜ்யத்தில் 2012 முதல் 2016 வரை கடுமையான வறட்சி. 2016 முடிவில் அங்கே பட்டுப்போன மரங்கள் 10.2 கோடி என்று அந்நாட்டு வனத்துறை கணக்கிட்டது. அடுத்த குளிர்காலத்தில் மழையும் பனியும் கொட்டித் தீர்த்தன. வறட்சி முடிந்ததாக 2017 ஏப்ரலில் பிரகடனமும் செய்தார்கள். ஆனால் 2017 முடிவில் மறுபடி எண்ணியபோது தொகை 12.9 கோடியாகியிருந்தது!

"அப்படியானால் புல் தேவலையே" என்று நினைக்கவேண்டாம். அதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. 1930-களில் அமெரிக்காவின் நடுச் சமவெளியில் புழுதிப் புயல் கிளம்பிய பெரும் வறட்சியின்போது, நெப்ராஸ்கா சர்வகலாசாலையைச் சேர்ந்த ஜான் வீவர் என்ற தாவர சாஸ்திரி புல்வெளிகளை வருஷா வருஷம் சோதித்து வந்தார். மழை திரும்பியதும் தரை பச்சையாகத்தான் ஆயிற்று. ஆனால் முன்பிருந்த நல்ல புல் பல இடங்களில் வேரோடு மடிந்து, களைகளும் வேறு ஜாதிப் புற்களும் இடத்தைப் பிடித்துக்கொண்டிருந்தன. பழைய புல் பழைய இடத்துக்குத் திரும்பப் பல வருஷங்கள் பிடித்தன. பச்சை திரும்புவது வேறு. பழைய புல்வெளி திரும்புவது வேறு.

நம் பக்கத்தில் அந்த இடத்தைப் பிடிக்கிறவன் சீமைக் கருவேல். அமெரிக்கக் கண்டத்திலிருந்து 19-ம் நூற்றாண்டில் விறகுக்காக இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட மரம். வேர் மிக ஆழம். வறட்சியில் மேய்ச்சல் தீர்ந்து போகும்போது ஆடுமாடுகள் அதன் இனிப்பான நெற்றுகளைத் தின்கின்றன. விதைகள் சாணத்தோடு மந்தைவெளி முழுவதும் விழுகின்றன. முதல் மழைக்கு நல்ல புல் தலையெடுக்கும்போது அதைப் பசித்த ஆடுகள் கரம்பிவிடுகின்றன. முள்ளை ஒருவரும் தொடுவதில்லை. இப்படியே இரண்டு மூன்று வறட்சி போனால் மேய்ச்சல் தரை முட்காடாகிவிடுகிறது. வறட்சி பாதி செய்கிறது. மீதியை நாம் செய்து முடிக்கிறோம்.

இனி வரும் வறட்சிகள் இதைவிடக் கடுமையாக இருக்கக்கூடும். பூமி சூடாகி வருகிறது. வெப்பம் ஒரு டிகிரி ஏறினால் காற்று ஏறத்தாழ நூற்றுக்கு 7 பங்கு அதிகமாக நீராவியைத் தாங்கும். அந்த அளவுக்கு மண்ணிலும் இலையிலும் இருக்கும் ஈரத்துக்கு அதன் தாகமும் பெருகும். அதே அளவு மழைக் குறைவு, பாட்டனார் காலத்து மரத்தை வாட்டியதைவிட நம் காலத்து மரத்தை அதிகமாக வாட்டும்.

ஆகையால் என்ன செய்வது? பெரிய திட்டங்களைச் சர்க்காரும் நிபுணர்களும் யோசிக்கட்டும். நம்மால் ஆகக்கூடியவை சில உண்டு. இலையில்லாத மரத்தைப் பார்த்ததும் கோடரியைத் தேடாமல், சிறு கிளையில் நகத்தால் பட்டையைக் கீறிப் பாருங்கள். உள்ளே பச்சையும் ஈரமும் இருந்தால் அந்தக் கிளையில் உயிர் இருக்கிறது. உலர்ந்திருந்தாலும் அவசரப்படவேண்டாம், பல கிளைகளிலும், கடைசியில் அடிமரத்திலும் பாருங்கள். மழை வந்ததும் மரத்தை மறந்துவிடாதீர்கள். அடுத்த இரண்டு கோடைகளுக்கு அதன் அடியில் சருகைப் பெருக்கி எரிக்காமல் அப்படியே மூடாக்காக விட்டு, முடிந்தால் தண்ணீரும் விடுங்கள். மந்தைவெளியில் முதல் மழைப் புல்லுக்குச் சில வாரமாவது ஓய்வு கொடுங்கள். ஒரு பகுதியை அடைத்து, மறு பகுதியில் மேய்க்கலாம்.

2017 புரட்டாசியில் எங்கள் ஊர்ப் பக்கத்து ஐயனார் கோயில் காட்டில் "பட்ட மரங்களை" ஏலம் விடலாம் என்று பேச்சு எழுந்தது. கோயிலுக்குச் சுவர் எழுப்பப் பணம் வேண்டியிருந்தது, நியாயமான தேவைதான். நான் பேச்சாளன் அல்ல. என் கொல்லை வேம்பின் கதையை மட்டும் எழுந்து சொன்னேன். சிலர் சிரித்தார்கள். பெரியவர் ஒருவர், "வாத்தியார் ஒரு மரத்தை வெட்டிப் படித்த பாடத்தை நாம் காட்டை வெட்டிப் படிக்கவேண்டாம்" என்றார். இரண்டு வருஷம் பொறுப்பதென்று முடிவாயிற்று. கெடு முடிந்தபோது அவற்றில் சில துளிர்த்திருந்தன. சில உண்மையாகவே பட்டிருந்தன. அவற்றை மட்டும் ஏலம் விட்டார்கள். துளிர்த்திருக்கிறது என்று நாங்கள் கவலைப்படாமல் விட்ட மரம் ஒன்றும் அந்த ஏலத்தில் போயிற்று.

கேள்வி கேட்ட பையன் இப்போது கல்லூரிப் படிப்பையும் முடித்திருப்பான். அவனுக்கு நான் சொல்லவேண்டிய பதில் இவ்வளவுதான்: "தம்பி, அந்த மரம் மழையில்லாத வருஷத்தில்தான் செத்தது. நமக்குச் செய்தி வந்து சேர இரண்டு வருஷம் ஆயிற்று. அடுத்த வறட்சி முடிந்து முதல் மழை பெய்கிற அன்றைக்கு, நீ எந்த ஊரில் இருந்தாலும், உன் வீட்டுக்குப் பக்கத்து மரத்தை ஒரு தடவை அண்ணாந்து பார்."