குனிஞ்சு பார்த்திருந்தா...

போன வாரம் அபார்ட்மெண்ட் பார்க்கிங்ல வண்டியை நிறுத்தப் போறேன், பிரேக் பெடல் பொதக்குனு தரை வரைக்கும் போயிடுச்சு. நல்லவேளை, நடக்கிற வேகம்தான். பனிக்குவியல்ல முட்டி நின்னுச்சு. பின் சீட்ல பொண்ணு தூங்கிட்டிருந்தா. பத்து நிமிஷம் முன்னாடி ஹைவேல வந்தோம்ங்கறதை நினைச்சா இன்னும் கை நடுங்குது.

இருக்கிறது மிச்சிகன். வண்டி பதினஞ்சு வருஷப் பழைய மினிவேன். வாங்கும்போது இஞ்சின் சத்தம் கேட்டேன், டயர் பார்த்தேன், ஹீட்டர் போட்டுப் பார்த்தேன். குனிஞ்சு அடியில பார்க்கலை. இஞ்சினியரிங் படிச்சு என்னத்தைக் கிழிச்சேனோ!

மெக்கானிக் லிஃப்ட்ல ஏத்திக் காட்டினார். பிரேக் ஆயில் போற இரும்புக் குழாய் பொருக்குப் பொருக்கா உரிஞ்சு கிடக்கு. குளிர்காலத்துல ரோட்ல கொட்டுற உப்போட வேலை. இதுல கொடுமை என்னன்னா, பெடலை ஓங்கி மிதிக்கிறப்பதான் குழாய்ல அழுத்தம் எகிறும். அதாவது, பிரேக் ரொம்பத் தேவைப்படற நொடியிலதான் அது வெடிக்க வாய்ப்பு அதிகம்.

"பழைய வண்டி, துருப்பிடிக்கத்தான் செய்யும்" என்பதுதான் எல்லாரும் சொல்ற பதில். ஜெனரல் மோட்டார்ஸின் 1999-2003 மாடல் டிரக்குகளை விசாரித்த அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்புத் துறையும் 2015-ல் ஏறக்குறைய இதையேதான் சொன்னது. ரீகால் கிடையாது, அடிப்பகுதியைக் கழுவுங்க, செக் பண்ணுங்கன்னு விசாரணையை முடிச்சிட்டாங்க.

எனக்கு இது ஒப்பலை. டயர் தேஞ்சா கண்ணுக்குத் தெரியும். பிரேக் பேட் தேஞ்சா கிறீச்சுனு கத்தும். குழாய் மட்டும் கடைசி வரைக்கும் வாயே திறக்காது. சீக்கிரம் துருப்பிடிக்காத செம்பு-நிக்கல் குழாயை வால்வோ 1970-களிலேயே போட ஆரம்பிச்சாச்சு. முடியாத காரியம் இல்லை, செலவு பண்ண மனசில்லை. அவ்வளவுதான்.

அடுத்தது அரசாங்கம். பென்சில்வேனியாவுல வருஷா வருஷம் வண்டியைப் பரிசோதிக்கணும். பிரிட்டன்லயும் அப்படித்தான், பிரேக் குழாய்த் துருவையும் பார்ப்பாங்க. உப்புல ஊறுற மிச்சிகன்ல அப்படி ஒண்ணுமே கிடையாது. பரிசோதனை வெச்சா ஏழைங்களுக்குச் செலவுன்னு சொல்றாங்க. பழைய வண்டியில பிள்ளைகளை ஏத்திட்டுப் போறது யாருங்க, அந்த ஏழைங்கதானே?

சட்டம் வர்றப்ப வரட்டும். பழைய வண்டி வாங்கப் போற மக்களே, காசு கொடுக்கறதுக்கு முன்னாடி லிஃப்ட்ல ஏத்திப் பாருங்க. குளிர்காலத்துல அடிப்பகுதியையும் சேர்த்துக் கழுவுங்க. ஒரு இடத்துல ஓட்டையானா ஒட்டுப் போடாதீங்க, மத்த இடமும் அதே வயசுதான். மொத்தமா மாத்துங்க. பெடல் வழக்கத்தைவிடக் கீழ போனாலோ, சிவப்பு பிரேக் விளக்கு எரிஞ்சாலோ, "நாளைக்குப் பார்த்துக்கலாம்" வேண்டாம்.

நான் அன்னிக்குக் காலையில அப்படித்தான் சொன்னேன்.